வழக்கமாக வசிப்பவர்கள்

அருள்புரம்
ஜூன் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் மேலும் மகன் ஷாரிக் குடும்பத்தின் மேலும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். இங்கே நானும் அவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி, லிப்டில் ஏறி இறங்குவதால் குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று போனில் நான் கத்தியது உங்கள் எதிர் வீட்டு வேலாத்தாள் அக்காவுக்கே தெளிவாகக் கேட்டிருக்கிறது. “ஏனுங்க டீச்சர், நீங்க கத்துனது மெட்ராஸுக்கே கேட்டிருக்குமுங்க. உங்க அண்ணனுக்குத்தான் கேட்டிருக்காதுங்க” என்றார். சாமளாபுரத்தில் முப்பத்தைந்து வருஷம் விசைத்தறிச் சத்தத்தில் கிடந்த காது, வேறென்ன செய்யும். ஷாரிக் போனுக்கு மெசேஜ் அனுப்பலாம்தான். ஆனால் அவன் படித்துக் காட்டி, நீங்கள் பதில் சொல்லி, அதை அவன் எழுதி... நமக்குள் பேச வேண்டியது மூன்று பேர் பேச்சாகிவிடுகிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். தபால்காரருக்கும் என் முகம் மறந்துபோயிருந்தது.

பள்ளி திறந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் மட்டும் அறுபத்திரண்டு பிள்ளைகள். பெஞ்சுக்கு ஐந்து பேர் உட்கார்ந்தும் போதாமல் கரும்பலகைக்குக் கீழே ஒரு வரிசை தரையில் இருக்கிறது. ஒடியா, இந்தி, திருநெல்வேலித் தமிழ், நம் தமிழ் எல்லாம் ஒரே அறையில். நீங்கள் ஜனவரியில் கிளம்பிப்போன பிறகு பின்பக்கத் தென்னந்தோப்பில் பதினெட்டு ரூம் வந்துவிட்டது. கடைசி ரூமுக்குக் கதவு மாட்டுவதற்கு முன்பே ஆள் வந்துவிட்டார்கள். நான்கு நாள் சேலையைக் கட்டி மறைத்துக்கொண்டு இருந்தார்கள். பனியன் கம்பெனி ஒன்று புதிதாகத் திறந்தால் இருநூறு பேர் வருகிறார்கள். அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று கம்பெனி யோசிப்பதாகத் தெரியவில்லை.

வீட்டைப் பூட்டி வை, யாருக்கும் விடாதே, ஞாயிற்றுக்கிழமை திறந்து பெருக்கு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் தவறாமல் போகிறேன். வீட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உங்கள் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

தங்கை,
ஜஹானாரா


கூடுவாஞ்சேரி
ஜூன் 30

அன்புத் தங்கச்சி ஜஹானாவுக்கு,

அண்ணன் அய்யூப் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் ஆண்டவன் கிருபையால் சுகமாக இருக்க வேண்டும். கடிதம் கிடைத்தது. கீழே செக்யூரிட்டிக்காரர் “உங்களுக்கா தாத்தா?” என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொடுத்தார்.

இங்கே பதினான்கு மாடி. நாங்கள் ஒன்பதில் இருக்கிறோம். வந்த புதிதில் பால்கனியில் நின்றால் ஏரி தெரிந்தது. இப்போது நடுவில் இன்னொரு கட்டிடம் எழும்பி, ஏரி ஒரு கை அகலம்தான் தெரிகிறது. ஷாரிக் காலை ஆறரைக்கு ரயிலுக்கு ஓடுகிறான். திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதெல்லாம் காடு என்று வாட்ச்மேன் சொன்னார். இப்போது ரோட்டைத் தாண்ட நான் பதினைந்து நிமிஷம் நிற்கிறேன்.

பேத்தி தஹ்சீன் மூன்றாம் வகுப்பு போகிறாள். என் காதில் வாயை வைத்துக் கத்துவது அவளுக்கு ஒரு விளையாட்டு. மருமகள் சாயிமா நன்றாகக் கவனிக்கிறாள். எனக்கென்று தனி ரூம் போலவே ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறார்கள்.

மோட்டார் ஓடாமல் கிடந்தால் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு தடவை ஓட்டிவிடு. உன் மதினி போன பிறகு அந்த உள் ரூமை நானே திறக்கவில்லை. அவள் துணியெல்லாம் மடித்து வைத்தது வைத்தபடி இருக்கும். நீயும் திறக்க வேண்டாம். மற்றபடி வீடு உன் பொறுப்பு.

மாப்பிள்ளைக்கு என் ஸலாம்.

அய்யூப்


அருள்புரம்
ஜூலை 19

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு துஆ செய்கிறேன். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. பள்ளி வேலையோடு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பயிற்சியும் சேர்ந்துகொண்டது. ஆகஸ்ட் முழுவதும் வீட்டுக் கணக்குக்காக நான் வீடு வீடாகப் போக வேண்டும்; தலைக் கணக்கு பிப்ரவரியில்.

பதினைந்து வருஷத்துக்கு முந்தைய எண்ணிக்கையை வைத்துத்தான் இன்றுவரை தண்ணீர்த் தொட்டியும் ரேஷன் கடையும் எங்கள் வாத்தியார் எண்ணிக்கையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அன்றைய எண்ணிக்கைப்படி நாங்கள் இன்னும் கிராமம். என் வகுப்பில் அறுபத்திரண்டு பேர் உட்கார்ந்திருப்பது ஏன் என்று அந்தப் பயிற்சியில்தான் புரிந்தது.

எங்கள் மேற்பார்வையாளர் தரணீதரன் என்ற இளவயது ஆசிரியர். “வழக்கமாக வசிப்பவர்” யார் என்று அரை நாள் நடத்தினார். விருந்தாளியை எழுதக் கூடாது, ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறவரை விடக் கூடாது. பல்லடத்திலிருந்து வந்த ஒரு டீச்சர் எழுந்து, “எங்க ஊட்டுக்காரர் சாப்பிடறதுக்கு மட்டும் வாராருங்க சார், அவரை எழுதலாமுங்களா?” என்று கேட்டார். அதன்பிறகு வகுப்பு நடக்கவில்லை.

ஒரு விஷயம். ஏப்ரலில் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் குடும்பத்தை, ரூமைக் குடோனாக்கப் போகிறேன் என்று வீட்டுக்காரர் மூன்று நாளில் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர்களுக்கு ஓரிடம் பார்த்துக் கொடுத்தேன். விவரம் நேரில் சொல்கிறேன்.

மோட்டார் நன்றாக ஓடுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாயிமாவுக்கும் தஹ்சீனுக்கும் என் அன்பு.

ஜஹானாரா


கூடுவாஞ்சேரி
ஆகஸ்ட் 8

அன்புள்ள ஜஹானாவுக்கு,

அலைச்சலில் உன் கால் வலிக்கிறதா? வெயிலில் குடை பிடித்துக்கொண்டு போ. இங்கே யாவரும் நலம்.

புதன்கிழமை எங்கள் வீட்டுக்கும் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தது. உன்னைப் போல் டீச்சராம். தோளில் பை, கையில் போன், முகமெல்லாம் வேர்வை. என் தங்கச்சியும் இந்த வேலைதான் செய்கிறாள் என்று சொன்னேன். சிரித்தது. சாயிமா தண்ணீர் கொடுத்து, கேட்டதற்குப் பதில் சொன்னாள். அப்பார்ட்மெண்ட் சங்கத்துச் செயலாளரும் கூட வந்திருந்தார். சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒரு வீட்டுக்கு அவ்வளவு நேரம்தான் ஆகுமா?

கீழே பூங்காவில் குமாரசாமி என்று ஒருவர் எனக்குப் பழக்கம். என்னைப் போலவே மகன் வீட்டில் இருக்கிறார். அவருக்கு ஒரு சந்தேகம். சொந்த ஊரில் வீடு இருக்கிறது, ஆனால் மகனிடம் வந்து ஏழு மாதம் ஆகிறது. அவரை எந்த வீட்டில் எழுதுவார்கள்? ஓரிடத்தில் விட்டுப்போனால் இன்னோரிடத்தில் சேர்த்துக்கொள்வார்களா? உன்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார். விவரமாக எழுது.

அய்யூப்


அருள்புரம்
ஆகஸ்ட் 17

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் பார்த்து மகிழ்ச்சி. கால் வலி இருக்கிறது, ஆனால் நடக்க நடக்க மரத்துப்போகிறது.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன், சிரியுங்கள். தென்னந்தோப்பு ரூம்களில் ஏழாம் நம்பர். காலை பத்து மணிக்குத் தட்டினேன். தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் வந்தது. உள்ளே ஐந்து பேர் போர்த்திப் படுத்திருந்தார்கள். ஆறு என்று போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சாயங்காலம் ஏழு மணிக்கு அதே வழியாகத் திரும்பும்போது அந்த ரூமில் ஆறு பேர் சமைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகம்கூட காலையில் பார்த்த முகமில்லை.

“அவங்கெல்லாம் நைட் ஷிப்ட், டீச்சர். நாங்க பகல் ஷிப்ட். எங்கள ஏன் யாருமே வந்து கேக்கல?” என்றது ஒரு பிள்ளை.

ஒரே பாய்க்கு இரண்டு பேர். ஒருவர் எழுந்து போகும்போது இன்னொருவர் வந்து படுக்கிறார். அதுவரை நான் முடித்திருந்த பதினொரு ரூம்களுக்கும் மறுபடி போனேன். இருபத்தாறு பேர் விட்டுப்போயிருந்தார்கள். இப்போது எந்தக் கதவைத் தட்டினாலும் “பகலிலும் இரவிலும் சேர்த்து” என்று கேட்கப் பழகிவிட்டேன். பழைய பட்டியலில் என் பகுதி மொத்தத்துக்கும் இருந்த ஆட்கள் இப்போது அந்தத் தோப்பில் மட்டும் இருக்கிறார்கள்.

உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள்: வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் எழுதுவார்கள். மகனோடு ஏழு மாதமாக இருந்தால் மகன் வீட்டில்தான். எழுதாமல் விட்டிருக்க வழியில்லை. கூடவே இருக்கும் தகப்பனை யார் விடுவார்கள்?

உங்கள் தெருவும் என் பகுதியில்தான் வருகிறது. முடித்துவிட்டேன். முப்பதாம் தேதியோடு வேலை முடிகிறது.

ஸலாமுடன்,
ஜஹானாரா


கூடுவாஞ்சேரி
ஆகஸ்ட் 26

ஜஹானாவுக்கு,

நான் சுகம். உன் சுகம் வேண்டும்.

குமாரசாமியிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முப்பதாம் தேதி வரை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நம் வீட்டில் என்னை எழுதிவிடு. ஒரு ஆள். பெயர் அய்யூப், வயது அறுபத்து நான்கு. பூட்டிக் கிடந்த வீடு என்று போட்டிருந்தால் அதை மாற்று. கேட்டால் அண்ணன் வந்துவிட்டார் என்று சொல். பொய்யும் இல்லை. அடுத்த மாதம் வந்துவிடலாம் என்று இருக்கிறேன். திரும்பி இங்கே வருவதாக இல்லை.

வேறொன்றும் இல்லை. வீட்டைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கழுவி வை.

அய்யூப்


அருள்புரம்
செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சுகத்துக்காக இறைவனிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். கடிதம் முப்பத்தோராம் தேதி வந்தது. அதற்குள் எல்லாம் அனுப்பிவிட்டேன். முன்னாலேயே வந்திருந்தாலும் நான் எழுதியிருக்க முடியாது. அதைச் சொல்லத்தான் மூன்று நாளாகத் தாளை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

குமாரசாமி என்று யாரும் இல்லை, அப்படித்தானே? “யார் விடுவார்கள்?” என்று அவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். அந்த வரியைப் படித்தபோது நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்களோ என்று நினைக்கவே முடியவில்லை.

இப்போது என் தப்பு. உங்கள் வீடு பூட்டிக் கிடக்கவில்லை அண்ணே. ஏப்ரலில் ஒரு குடும்பத்துக்கு இடம் பார்த்துக் கொடுத்தேன் என்றேனே, அது உங்கள் வீடுதான். அன்புசெல்வி என்று பெயர். சங்கரன்கோவில் பக்கம். அவளும் புருஷனும் இரண்டு பிள்ளைகளும். பத்து நாள் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். ஊரெல்லாம் அலைந்தும் ரூம் கிடைக்கவில்லை. பிறகு அவள் தம்பி முகிலனும் பெண்டாட்டியும் வந்தார்கள். ஆறு பேருக்கு மேல் ஒருத்தர் வந்தாலும் எல்லோரும் கிளம்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன். அடுத்த மாதமே அவர்கள் ஊர்ப் பெண்கள் மூன்று பேர், மில்லில் நைட் ஷிப்ட், வாசலில் பையோடு நின்றார்கள். கிளம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாடகை வாங்கவில்லை. கரண்ட் பில் அவர்கள் கட்டுகிறார்கள்.

ராத்திரி முழுவதும் வேலை செய்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவர்களுக்கு இருட்டு வேண்டும். உங்கள் வீட்டில் ஜன்னல் இல்லாதது உள் ரூம் ஒன்றுதான். மே மாதக் கடைசியில் அதைத் திறந்துவிட்டேன். திறக்காதே என்று நீங்கள் எழுதியபோது அது திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மதினியின் சேலைகள், குர்ஆன், மருந்துப் பெட்டி எல்லாம் என் பீரோவில் இருக்கின்றன. ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன் என்று எழுதினேனே, பெருக்கப் போகவில்லை. ஆள் கூடியிருக்கிறார்களா என்று பார்க்கப் போகிறேன்.

ஆகஸ்டில் என் வேலைக்காக அந்த வாசலில் போய் நின்றபோது அன்புசெல்வி, “உங்களுக்குத் தெரியாததா டீச்சர்? நீங்களே எழுதிக்கிடுங்க” என்றாள்.

“நான் கேட்டுத்தான் எழுதணும். பகல்லயும் ராத்திரியிலயும் சேர்த்து வழக்கமா எத்தனை பேர்?”

தெருக்கோடியைப் பார்த்துவிட்டு “ஒம்பது” என்றாள். ஒன்பது என்று போட்டேன். சொந்த வீடா வாடகையா என்று ஒரு கேள்வி இருக்கிறது. இரண்டும் இல்லை என்று போட்டேன்.

நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் போதும், காலி செய்யச் சொல்லிவிடுகிறேன். வீடு உங்களுடையது. என் மேல் கோபம் இருந்தால் அதையும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஜஹானாரா


கூடுவாஞ்சேரி
செப்டம்பர் 14

அன்புள்ள மாமிக்கு,

ஸலாம். நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் கடிதம் எழுதி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. போனில் பேசினால் அழுதுவிடுவேன், இவரும் பக்கத்தில் இருப்பார். அதனால் எழுதுகிறேன்.

சாமளாபுரத்தில் கூட வேலை பார்த்தவர் மகள் கல்யாணம் என்று சொல்லி அய்யூப் மாமா வெள்ளிக்கிழமை கிளம்பிப் போனார். உங்களிடம் சொல்ல வேண்டாம், நேரில் வந்து நிற்கிறேன் என்றார். இவர் ரயில் ஏற்றிவிட்டு வந்தார். மறுநாள் துணி மடிக்கும்போதுதான் பார்த்தேன். இரண்டு நாள் கல்யாணத்துக்கு மாமா எல்லாச் சட்டையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஸ்வெட்டர்கூட இல்லை.

மாமி, கணக்கெடுக்க வந்தபோது நான் மூன்று பேர் என்று சொன்னேன். இது வாடகை பிளாட். இரண்டு பெட்ரூம், மூன்று பேர் என்று ஒப்பந்தம். லாரித் தண்ணீர் பற்றாமல் சங்கத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்துவிடுகிறார்கள். கூட ஒரு ஆள் நிரந்தரமாக இருப்பது தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று பயம். மாமாவை விருந்தாளி என்றுதான் எட்டு மாதமாகச் சொல்லிவருகிறோம். அன்றைக்கு அந்தச் செயலாளர் வாசலிலேயே நின்றார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று என்று சொன்னேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். பழக்கத்தில் மூன்று விரலையும் காட்டினேன். மாமாவுக்குக் காதுதான் கேட்காது. ஹாலில் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஹாலில்தான் கட்டில் போட்டிருக்கிறோம்.

அதன்பிறகும் என்னோடு சாதாரணமாகத்தான் இருந்தார். தஹ்சீனுக்குத் தினமும் பூரியைப் பிய்த்துக் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உங்களிடம் வந்தாரா? கோபமாக இருக்கிறாரா? எனக்கு மட்டும் எழுதுங்கள்.

சாயிமா


சாமளாபுரம்
செப்டம்பர் 16

ஜஹானாவுக்கு,

நான் இங்கே கூடத் தறி ஓட்டிய அருள்செல்வன் ஊட்டில் இருக்கிறேன். அவன் மகள் கல்யாணம் என்று ஷாரிக்கிடம் சொல்லிவிட்டு வந்தேன்; அவளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. உடம்பு சுகம்.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆள் வைத்ததற்கு அல்ல. உள் ரூமைத் திறந்ததற்கு. அதைப் பற்றி உன்னிடம் பேச எனக்குக் கொஞ்ச நாள் ஆகும். இப்போது அதைக் கேட்காதே.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறி அருள்புரம் வந்தேன். எல்லோரையும் வெளியே போகச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் முழங்கால் மடங்கவில்லை. அங்கேயே உட்கார்ந்தேன். பக்கத்தில் என் வயதில் ஒருவர், மடியில் தூக்குப்போசியோடு இருந்தார். என்னமோ கேட்டார். காது கேட்காது என்று கை காட்டினேன். எழுந்து வந்து என் இடது காதில் கத்தினார். பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள்.

“எந்த பஸ்ஸுக்கு நிக்கிய?”

“பஸ்ஸுக்கு இல்லீங்க. நீங்க?”

“நானும் பஸ்ஸுக்கு இல்ல. ஞாயித்துக்கிழம டீச்சரம்மா வீட்டப் பாக்க வருவாக. ஆளு கூடிப்போச்சின்னா காலி பண்ணச் சொல்லிருவாகன்னு மக என்னைய இங்ஙன அனுப்பிருதா. மத்தியானத்துக்கு மேல போவேன்.”

அவர் பெயர் வெள்ளையன். உன் அன்புசெல்வியின் அப்பா. ஜூன் மாதத்திலிருந்து நம் ஊட்டில் இருக்கிறார். நீ கணக்கெடுக்கப் போன அன்றைக்கும் அந்தப் பெஞ்சில்தான் இருந்திருக்கிறார்.

“டீச்சரம்மா நல்லவுகதான். அவுக அண்ணன்தான் ரொம்பக் கறாரான ஆளாம். மெட்ராஸ்ல மகனோட வசதியா இருக்காராம். பெறவும் வீட்ட விடமாட்டாராம்” என்றார்.

“ஆமாங்க, நானும் கேள்விப்பட்டிருக்கேன்” என்றேன். வேறென்ன சொல்வது?

அப்போது நீ குடை பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் போனாய். அவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் திருப்பிக்கொண்டேன். நீ எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. தூக்குப்போசியைத் திறந்து பாதி இட்லியை எனக்குக் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிச் சாமளாபுரம் திரும்பிவிட்டேன்.

நீ எழுதியது ஒன்பது. இருப்பது பத்து. நம் ஊட்டிலேயே உனக்குக் கணக்குத் தப்பிவிட்டது. அந்தப் பெண்ணைக் கோபித்துக்கொள்ளாதே. இருக்க இடம் போய்விடும் என்றால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். சாயிமாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று அந்தப் பெஞ்சில்தான் எனக்குத் தோன்றியது.

வருகிற ஞாயிறு வருகிறேன். யாரையும் போகச் சொல்லாதே. நான் வருவதையும் சொல்லாதே, சொன்னால் அவரை மறுபடி பஸ் ஸ்டாப்புக்கு அனுப்பிவிடுவார்கள்.

அய்யூப்


அருள்புரம்
செப்டம்பர் 27

அன்புள்ள சாயிமாவுக்கு,

நீயும் ஷாரிக்கும் குழந்தையும் நலமாக இருக்க என் துஆ. அண்ணன் பத்திரமாக இருக்கிறார் என்று போனில் சொன்னேன். மீதியை எழுதுகிறேன் என்று ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். எனக்கே அது மனதில் படிய வேண்டியிருந்தது.

போன ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அண்ணன் வந்தார். தோளில் பை. நான் உடன் போனேன். நைட் ஷிப்ட் பெண்கள் வந்து படுத்திருந்தார்கள். அன்புசெல்வி அடுப்பில் இருந்தாள். “இவர்தான் என் அண்ணன்” என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுப்பை அணைத்துவிட்டாள். குழம்பை இறக்கி வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்க ஆரம்பித்தாள். காலி செய்து காலி செய்து கைக்குப் பழகிப்போன வேலை அது. நான் தடுக்கத் தடுக்க அடுக்கினாள்.

வெள்ளையன் அதற்குள் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டார். அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினார். தன் சத்தம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது என்பது உனக்குத் தெரியுமே.

“ஏனுங்க! எங்கீங்க போறீங்க? உள்ள வாங்க!”

தெருவே வெளியே வந்துவிட்டது. வேலாத்தாள் அக்கா படியில் நின்று, “பாருங்க, ஊட்டுக்காரர் வந்துட்டாரு. இனி இந்தத் தெருவுல யாரும் தூங்க முடியாதுங்க” என்றார். வெள்ளையன் திரும்பி அண்ணனைப் பார்த்தார். பெஞ்சில் இட்லி தின்ற ஆள் என்று அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆனது. தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அண்ணன் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார்.

பிறகு உள் ரூம் பக்கம் போனார். கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திறக்கவில்லை. திரும்பி வந்து, அவரால் முடிந்த அளவு குரலைத் தாழ்த்தி, “பிள்ளைங்க தூங்குதுங்க” என்றார். என்னைப் பார்க்கவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்புசெல்வி பாத்திரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் அவளிடம், “ஏனம்மா, எனக்கும் ஒரு பாய் போட இங்க இடமிருக்குமா?” என்று கேட்டார்.

அவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். “கேக்கறாரு, பதில் சொல்லு” என்றேன். கத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. சின்னக் குரலில், “முன் ரூம்ல அப்பா பக்கத்துல போடலாம். ஆனா பிள்ளைக காலையில சத்தம் போடுமே அய்யா” என்றாள். அண்ணன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சத்தம் போடும் என்பதை நான் அவர் காதில் கத்திச் சொன்னதும் சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்க்கிறேன்.

என்னோடு வந்து இருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊட்டில் போய் உட்கார மாட்டேன் என்கிறார். பேச்சு என்னோடு இன்னும் அளவாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை மதினியின் குர்ஆனை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அண்ணன் எழுதியதைப் பார்த்து, என் கணக்கில் ஒன்பதைப் பத்தாக்க முடியுமா என்று தரணீதரனிடம் போய்க் கேட்டேன். “ஒரே ஒரு ஆளுக்கா டீச்சர்? எல்லாம் போயாச்சு. பிப்ரவரியில தலைக் கணக்கு வருதில்ல, அப்பப் பாத்துக்கலாம்” என்றார். ஒரு மாதம் வெயிலில் அலைந்து, வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதும் ஒவ்வொரு வாசலிலும் குரல் தாழ்ந்ததைக் கேட்டவள் நான். ஞாயிறு தோறும் குடை பிடித்துக்கொண்டு நானே ஒரு வீட்டுக்காரியாகப் போய் நின்றது அப்போதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அதனால் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை சாயிமா. அண்ணனுக்கும் உன் மேல் கோபம் இல்லை. அதை அவரே ஒரு கடிதத்தில் எழுதிவிட்டார். அதன் நகல் இதோடு இருக்கிறது, ஷாரிக்குக்கும் காட்டு.

ஆனால் அவர் திரும்பி வரமாட்டார். வரும்படி கேட்டு இப்போது எழுத வேண்டாம். டிசம்பர் லீவில் தஹ்சீனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். படுக்க இடம் இருக்குமா என்று கேட்காதே. இருக்காது. ஆனாலும் வாருங்கள்.

பிப்ரவரியில் உங்கள் வீட்டுக்கும் மறுபடி ஆள் வருவார்கள். அப்போது மூன்று என்று சொல். யார் முகத்தையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
மாமி ஜஹானாரா